தலைக்கணக்கும் நிலத்தின் சுமையும்: கடலூர் மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

தோற்றுவாய்

கடலூரிலிருந்து தெற்கே சிதம்பரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை நம்மில் பலருக்கும் நாள்தோறும் பழகிய வழியாகும். கடலூர் முதுநகரைக் கடந்ததும் வேதிப்பொருள் தொழிற்கூடங்கள் வரிசையாகத் தோன்றுகின்றன. அவற்றின் பின்புறம் உப்பனாறு ஓடுகிறது. மேலும் சென்றால் புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் கிளைச்சாலை, வெள்ளாற்றுப் பாலம், அதன்பின் தில்லை மாநகர். சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரத்துச் சதுப்புநிலக் காடு; தென்மேற்கே வீராணம் ஏரி; வடமேற்கே நெய்வேலிச் சுரங்கங்கள். இச்சிறு பரப்புக்குள் ஆறும் கழியும் காடும் வயலும் ஆலையும் சுரங்கமும் அடுத்தடுத்து அமைந்திருத்தல் வியப்புக்குரியது.

இந்நிலத்துக்கு நேர்ந்துள்ள கேடுகளுக்குக் காரணம் யாதென வினவினால், உடனே கிடைக்கும் விடை ஒன்றுண்டு. 'மக்கள் பெருகிவிட்டனர்' என்பதே அது. மேடைகளிலும் இவ்விடையே ஒலிக்கிறது. மாணவர்தம் தேர்வுத்தாள்களிலும் இதுவே எழுதப்படுகிறது. மக்கள்தொகைப் பெருக்கம் பற்றிய கட்டுரைகளைத் திருத்த அமரும்போதெல்லாம், நூறு தாள்களில் ஒரே தொடரை நூறு முறை படித்த பட்டறிவு நமக்குண்டு. அவ்விடை முற்றிலும் பொய்யன்று. ஆயினும் முழு உண்மையும் அன்று. எண்ணிக்கை, பொருள்வளம், தொழில்முறை ஆகிய மூன்றும் ஒரு நாட்டின் இயற்கையை எவ்வாறு தாக்குகின்றன என்பதை நம் மாவட்டத்துச் சான்றுகளைக் கொண்டே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மால்தசும் வடலூரும்

மக்கள்தொகை பற்றிய அச்சத்துக்கு நூல்வடிவம் தந்தவர் ஆங்கில அறிஞர் தாமஸ் ராபர்ட் மால்தஸ். அவரது நூல் 1798இல் வெளிவந்தது. மக்கள் பெருக்கல் முறையில் பெருகுவர். உணவோ கூட்டல் முறையிலேயே வளரும். எனவே பஞ்சமும் நோயும் போருமே எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் என்பது அவர்தம் கோட்பாடு. 1803ஆம் ஆண்டுப் பதிப்பில் இயற்கையை ஒரு விருந்தாக அவர் உருவகித்தார். அவ்விருந்தில் ஏழைக்கு இலை இல்லை. அவன் எழுந்து போக வேண்டியவன் என்பது அவ்வுருவகத்தின் சாரம். கடுமைக்கு அஞ்சிப் போலும், பிற்பதிப்புகளில் அப்பகுதியை அவரே நீக்கிவிட்டார். 1805 முதல் அவர் பணியாற்றிய இடம் கிழக்கிந்தியக் கும்பினியின் ஹெய்லிபரிக் கல்லூரி என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. இந்தியாவை ஆளவந்த அலுவலர்கள் அங்கே பயின்றனர்.

அதே 19ஆம் நூற்றாண்டில் நம் மாவட்டத்து வடலூரில் வேறொரு விருந்து தொடங்கியது. 1867இல் வள்ளலார் இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையை நிறுவினார். பசித்து வந்தவர் எவராயினும் அவருக்கு அங்கே சோறுண்டு. ஏழையைப் பந்தியிலிருந்து எழுப்பும் கோட்பாடு ஒன்று. எவரையும் பந்தியில் அமர்த்தும் கொள்கை மற்றொன்று. 'மக்கள் சுமையா, செல்வமா' என்னும் வினாவுக்கு இவ்விரண்டும் இருவேறு விடைகளாகும். எந்த விடையை மனத்திற் கொண்டு கணக்கைத் தொடங்குகிறோம் என்பது, எங்குக் கொண்டுபோய் அதனை முடிக்கிறோம் என்பதையும் ஓரளவு தீர்மானிக்கிறது.

மூன்று பெருக்கற் காரணிகள்

1971இல் பால் எர்லிக், ஜான் ஹோல்டிரன் என்னும் அமெரிக்க அறிவியலாளர் இருவர் மக்கள்தொகைப் பெருக்கத்தின் விளைவு பற்றிக் கட்டுரை ஒன்று வெளியிட்டனர். தொழில்முறையின் குறைபாடே பெருங்காரணம் என்று வாதிட்டார் பாரி காமனர் என்னும் மற்றோர் அறிஞர். இவ்விரு சாராரின் விவாதத்திலிருந்து பிறந்த வாய்பாடு இன்று பாடநூல்களில் இடம்பெற்றுள்ளது. ஒரு நாடு இயற்கையின்மீது சுமத்தும் தாக்கம், அந்நாட்டு மக்கள்தொகை, தலைக்கு அவர்கள் நுகரும் அளவு, அந்நுகர்பொருளை ஆக்கும் தொழில்முறை ஆகிய மூன்றின் பெருக்கற்பலன் என்பதே அது.

இதனை ஒரு வலீமா விருந்தைக் கொண்டு எளிதில் விளங்கிக் கொள்ளலாம். விருந்துக்கு எத்தனை பேர் வந்தனர் என்பது முதற்கணக்கு. ஒவ்வோர் இலையிலும் எத்தனை வகை வைக்கப்பட்டன, எவ்வளவு உண்ணாமல் எஞ்சிற்று என்பது இரண்டாவது. விறகடுப்பிற் சமைத்தனரா, எரிவாயுவிற் சமைத்தனரா, வாழையிலையிற் பரிமாறினரா, நெகிழித்தாளிற் பரிமாறினரா என்பது மூன்றாவது. ஐந்நூறு பேர் உண்ட எளிய விருந்தைவிட, இருநூறு பேருக்கு ஆடம்பரமாக நடத்திய விருந்து குப்பையை மிகுதியாக விட்டுச் செல்வதை நாம் கண்ணாரக் கண்டதுண்டு. வந்த தலைகளை மட்டும் எண்ணினால் இவ்வேறுபாடு புலப்படாது.

இவ்வாய்பாட்டில் ஒரு குறையும் உண்டு. விருந்தை உண்பவர் ஓரிடத்தும், அடுப்புப் புகையை உண்பவர் வேறிடத்தும் இருக்கலாம் அல்லவா? 'எத்தனை பேர், எவ்வளவு, எவ்வாறு' என்னும் மூன்று வினாக்களோடு 'எவர் பொருட்டு?' என்னும் நான்காவது வினாவையும் சேர்த்தாலொழியக் கடலூர் மாவட்டத்தின் நிலை நமக்கு விளங்காது.

பரங்கிப்பேட்டை இரும்பாலை

எண்ணிக்கை குறைவாயிருந்த காலத்தும் இயற்கை பெருஞ்சுமை சுமந்தது என்பதற்குப் பரங்கிப்பேட்டையே சான்று. மரைக்காயர்களின் கப்பல் வணிகத்தாற் புகழ்பெற்ற அத்துறைமுகத்தில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830ஆம் ஆண்டையொட்டி இரும்பாலை ஒன்றை நிறுவினார். சேலம் பகுதியின் இரும்புத்தாது அங்கே உருக்கப்பட்டது. நிலக்கரி கிட்டாமையால் விறகுக்கரியே அவ்வாலையின் எரிபொருள். ஓர் அளவு இரும்புக்குப் பல அளவு விறகுக்கரி தேவைப்பட்டது. ஓர் அளவு கரிக்கோ அதனினும் பன்மடங்கு மரம் வேண்டும். எரிபொருட் பற்றாக்குறை அவ்வாலையின் தீராத இடர்ப்பாடுகளுள் ஒன்றாயிற்று. 1860களில் உலைகள் அணைந்தன.

அன்று இப்பகுதியின் மக்கள்தொகை இன்றுள்ளதில் ஒரு சிறு பகுதியே. காட்டை விழுங்கியது அவர்தம் அடுப்பு அன்று. தொலைநாட்டுச் சந்தையை நோக்கி எரிந்த உலையே. தலைக்கணக்கு மட்டும் தெரிந்தவர்க்கு இந்நிகழ்ச்சியை விளக்க இயலாது.

பிச்சாவரம் தரும் பாடம்

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகத்தில் ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில் விரிந்துள்ளது பிச்சாவரம் காடு. சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் அங்கே வளர்கின்றன. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரை அளித்தது இம்மரமேயாகும். காலப்போக்கில் இக்காட்டின் உட்பகுதிகள் மரமற்ற வெற்றுத் திடல்களாயின. சுற்றியுள்ள ஊரார் விறகுக்கு வெட்டியதும் மாடு மேய்த்ததுமே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 'ஏழைகள் பெருகினர், காடு அழிந்தது' என்னும் பழைய விடையின் மற்றொரு வடிவம் இது.

1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்கு ஆய்வு மேற்கொண்டபோது வேறோர் உண்மை வெளிப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்து 1970கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறைவைத்து ஒவ்வொரு பகுதியையும் முற்றாக வெட்டி விற்கும் வழக்கம் அரசின் வனமேலாண்மையாகவே இருந்துள்ளது. மரம் முழுதும் நீங்கிய இடத்தில் வெயில் நேரே விழுந்தது. சேறு உலர்ந்து தாழ்ந்தது. தரை தொட்டிபோற் குழிந்தது. பெருக்கின்போது உட்புகுந்த கடல்நீர் வெளியேற வழியின்றித் தேங்கிற்று. நீர் ஆவியாக உப்பு மட்டும் எஞ்சிற்று. ஆண்டுக்காண்டு உப்பு ஏறிய மண்ணில் எவ்விதையும் முளைக்கவில்லை.

நோயின் காரணம் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது. ஓதநீர் வந்து செல்லும் வண்ணம் வாய்க்கால்களும் அவற்றினின்று கிளைக்கும் சிறுகால்களும் வெட்டப்பட்டன. வனத்துறையும் ஆய்வு நிறுவனமும் சுற்றுவட்டார மக்களும் ஒன்றுகூடிக் கன்றுகளை நட்டனர். அழிந்த பகுதிகள் மீண்டும் பசுமை கொண்டன. இங்கே நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. மக்கள் அங்கிருந்து நீக்கப்படவில்லை. மாறியது முறை, மீண்டது காடு. குற்றவாளிகளாகக் கருதப்பட்டவர்களே காவலர்களாயினர்.

பாலை என்பது தனி நிலமன்று, பிற நிலங்கள் தம் தன்மை கெட்டு அடையும் நிலை என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். பிச்சாவரத்தின் உப்புத்திடல்களை நெய்தல் திரிந்த பாலை எனலாம். தொல்காப்பியர் கருப்பொருள்களை வகுத்தபோது மரம், விலங்கு, பறவை ஆகியவற்றோடு அந்நில மக்களின் தொழிலையும் சேர்த்தே எண்ணினார். தொழில் என்பது நிலத்தின் உறுப்பு. அது திரிந்தால் நிலமும் திரியும் என்னும் உண்மைக்கு இஃது இலக்கண அரணாகும்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியபோது கடலூர் மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். அலையாத்திக் காட்டின் பின்னிருந்த ஊர்கள் சேதம் குறைவுற்றன என்று 2005இல் வெளிவந்த ஆய்வுகள் தெரிவித்தன. கடலிலிருந்து அவ்வூர்கள் இருந்த தொலைவும் மேடும் அதற்கு எவ்வளவு காரணம் என்னும் விவாதம் அறிஞரிடையே எழுந்தது உண்மையே. ஆயினும் காடு தடுப்பரணாய் நின்றதைக் கண்ணாற் கண்ட மக்கள், அதனை இன்று மதிக்கும் மதிப்பே வேறு.

எவர் பொருட்டு?

இனி நான்காவது வினாவுக்கு வருவோம். கடலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 22,85,395, 2011இல் 26,05,914. பத்தாண்டுகளில் 14 விழுக்காட்டு உயர்வு. இவ்வுயர்வு கொண்டு மட்டும் இம்மாவட்டத்தின் நிலம், நீர், காற்று ஆகியவற்றின் நிலையை அளக்க முடியுமா? மூன்று சான்றுகளைக் காண்போம்.

முதலாவது வீராணம். பராந்தக சோழன் காலத்தில், 10ஆம் நூற்றாண்டில் அமைக்கப்பட்டு, வீரநாராயணன் என்னும் அவனது சிறப்புப் பெயரைத் தாங்கியது இவ்வேரி. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியே நீர் பெற்று, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டாரத்து வயல்களை ஆயிரம் ஆண்டுகளாக ஊட்டி வருவது. 2004இல் புதிய வீராணம் திட்டம் நிறைவேறியதும், நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் நீரைச் சென்னைக்குக் கொண்டு செல்லும் ஆற்றலுடைய குழாய்வழி, ஏறத்தாழ 230 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைந்தது. அந்நீரை நம் மாவட்டத்தார்க்கு 2011ஆம் ஆண்டுத் தொகைப்படி பங்கிட்டால், ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் சற்றேறக்குறைய 69 லிட்டர் கிடைக்கும். சென்னை மக்கள் தாகத்தால் வாடவேண்டும் என்பது நம் கருத்தன்று. தண்ணீர் கேட்டு வந்தவரை மறுப்பது நம் மரபுமன்று. ஆனால் இவ்வேரியின் சுமையைக் கணக்கிடுவோர் கடலூரின் 26 லட்சத்தை மட்டும் எண்ணினால் போதாது. 2011இல் 86 லட்சத்தைத் தாண்டியிருந்த சென்னைப் பெருநகரையும் எண்ணியாக வேண்டும்.

இரண்டாவது நெய்வேலி. 1930களில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரும்பொருளே பழுப்பு நிலக்கரியின் முதல் அடையாளம். 1956இல் நிறுவனம் தோன்றிற்று. 1957இல் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962இல் மின்னாக்கம் தொடங்கிற்று. தமிழகத்தின் தொழில் வளர்ச்சிக்கு அம்மின்சாரம் ஆற்றிய பணியை எவரும் மறுக்கவியலாது. பல்லாயிரம் குடும்பங்கள் அதனால் வாழ்வு பெற்றன. ஆனால் ஒரு டன் கரிக்குப் பல டன் மேல்மண்ணை அகற்ற வேண்டும். கரிப்படிவின் கீழே பேரழுத்தத்தில் இருக்கும் ஊற்றுநீரை இடையறாது இறைத்தாக வேண்டும். இன்றேல் அது சுரங்கத்தரையையே பிளந்து மேலெழும். இறைத்த நீர் ஓடைகளின் வழியே ஏரிகளைச் சேர்ந்து ஒருபுறம் பாசனத்துக்குப் பயன்படுகிறது. மறுபுறம் சுற்றுவட்டார உழவர்கள் கிணற்றுநீர் கீழிறங்குவதாக முறையிடுகின்றனர். 2023 ஜூலையில் வளையமாதேவியில், வாய்க்கால் வெட்டும் பொருட்டுப் பயிர் நின்ற வயலில் மண்வாரி இயந்திரங்கள் இறங்கிய காட்சி தமிழகத்தையே கலங்கச் செய்தது. இங்கு விளையும் மின்சாரமோ தென்மாநிலங்கள் பலவற்றுக்கும் பங்கிடப்படுகிறது. விளக்கு எங்கோ எரிகிறது. சாம்பல் இங்கே விழுகிறது.

மூன்றாவது இறால் பண்ணை. 1990களின் தொடக்கத்தில் தமிழகக் கடற்கரை நெடுகிலும், நம் மாவட்டக் கரையிலும், இறால் குளங்கள் வெட்டப்பட்டன. கடல்நீரை உள்நிலத்திற் கொணர்ந்து தேக்கியதால் பல இடங்களில் கிணறும் வயலும் உவர்ப்பேறின. காந்தியத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறை எல்லைக்குள் அத்தகைய பண்ணைகளுக்குத் தடை விதித்தது. பின்னர் 2005இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டு அத்தொழில் வேறு நெறிமுறையின்கீழ்த் தொடர்கிறது. அவ்விறாலை உண்டவர் யார்? சப்பான், அமெரிக்கா, ஐரோப்பா ஆகிய நாடுகளின் செல்வரே பெரும்பாலும் உண்டனர். நம் கிணற்றில் ஏறிய உப்பு அவர்தம் நாட்டுக் கணக்கேட்டில் ஏறுவதில்லை.

வளர்ச்சியே மருந்தாகுமா?

'ஏழ்மையில் மாசு மிகும். செல்வம் பெருகப் பெருக மாசு தானே குறையும்' என்று கூறும் பொருளியலார் உளர். 1991இல் ஜீன் கிராஸ்மன், ஆலன் குரூகர் ஆகியோர் செய்த ஆய்வு இக்கருத்துக்கு அடிப்படை. வருவாய் உயரும்போது முதலில் காற்று மாசு ஏறுகிறது. ஓர் எல்லையைக் கடந்தபின் இறங்குகிறது. வரைபடத்தில் அது குன்றுபோல் தோன்றும். கந்தகப்புகை போன்ற சில மாசுகளில் இது ஓரளவு மெய்யே. ஆனால் இறக்கம் தானே வருவதன்று. மக்கள் கேட்டு, சட்டம் இயன்று, அலுவலர் செயற்பட்டாலே வருவது. சில வேளைகளில் புகையும் ஆலை மூடப்படுவதில்லை. அது செல்வ நாட்டிலிருந்து ஏழை நாட்டுக்கு இடம் பெயர்கிறது. அங்கே இறங்கிய குன்று இங்கே ஏறுகிறது.

1980களில் உப்பனாற்றங்கரையில் அமைந்த சிப்காட் தொழிற்பேட்டை இதற்குக் காட்டாகும். சாயம், மருந்து, பூச்சிக்கொல்லி முதலியன ஆக்கும் கூடங்கள் அங்கே எழுந்தன. வேலைவாய்ப்பு வந்தது, அதனோடு நாற்றமும் வந்தது. 2004இல் குடிகாடு, ஈச்சங்காடு முதலிய ஊர்ப்பகுதி மக்கள், எளிய வாளியும் நெகிழிப்பையும் கொண்டு காற்றைப் பிடித்து அயல்நாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினர். 22 நச்சு வேதிப்பொருள்கள் அதிற் காணப்பட்டன. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் 88 தொழில் மண்டலங்களை மதிப்பிட்டது. நூற்றுக்கு எழுபதைத் தாண்டியவை மிகக் கடுமையாக மாசுற்றவை எனப்பட்டன. கடலூர் பெற்ற மதிப்பு 77.45. தேர்வில் இம்மதிப்பெண் பெற்றால் மகிழலாம். இங்கே வெட்கமே உரியது. அவ்வாளியைத் தூக்கிய கைகள் உழவர், மீனவர் கைகள் என்பதை மாணவர்கள் நெஞ்சிற் பதிக்க வேண்டும். வரைபடத்தின் குன்றை இறங்கச் செய்வது செல்வம் மட்டுமன்று, இத்தகைய விழிப்பே.

உலகக் கணக்கு

சற்றே வெளியுலகை நோக்குவோம். சீனம் 1980இல் ஒற்றைக் குழந்தைச் சட்டத்தை வகுத்து 2015 வரை கடைப்பிடித்தது. 1980க்கும் 2022க்கும் இடையே அந்நாட்டு மக்கள்தொகை ஏறத்தாழ ஒன்றரை மடங்காயிற்று. கரியமில வாயு வெளியீடோ ஏழு மடங்குக்கு மேலாயிற்று. இந்தியாவில் 1990 முதல் 2022 வரை மக்கள் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவாகப் பெருகினர். கரியமில வாயு ஐந்து மடங்கை நெருங்கிற்று. எண்ணிக்கையைவிட வாழ்க்கைமுறையின் ஏற்றமே வேகமானது என்பதை இவை காட்டுகின்றன.

2023இல் இந்தியா மக்கள்தொகையில் சீனத்தை விஞ்சி முதலிடம் பெற்றது. ஆயினும் இந்தியர் ஒருவர் ஆண்டுக்கு வெளியிடும் கரியமில வாயு ஏறத்தாழ 2 டன். அமெரிக்கர் ஒருவர் வெளியிடுவதோ 14 டன் அளவு. நம் உறவினர் பலர் பணியாற்றும் வளைகுடா நாடுகளில் இதனினும் மிகுதி. 30 லட்சம் அளவே மக்களுடைய கத்தர் நாடு தலைக்கணக்கில் உலகின் முன்வரிசையில் நிற்கிறது. அதிலும் ஒரு பகுதி, பிறநாட்டு அடுப்புகளுக்காக எரிவாயுவைப் பக்குவப்படுத்தும் தொழிலால் விளைவது. கத்தரையும் கடலூரையும் ஒப்பிடுதல் விந்தையாகத் தோன்றலாம். பிறர் நுகர்வின் புகை தன் கணக்கில் ஏறும் நிலையில் இரண்டும் ஒன்றே. ஆயின் அங்கே விலை கிடைக்கிறது. இங்கே குடிகாட்டு மீனவர்க்குக் கிடைப்பது என்ன?

எண்ணிக்கை பொருட்டன்றா?

இதுகாறும் கூறியவற்றால், மக்கள்தொகை ஒரு பொருட்டே அன்று என்று எவரும் முடிவு செய்தல் கூடாது. பெருக்கற் கணக்கில் எந்தக் காரணி உயர்ந்தாலும் விடை உயரும். குடியிருப்பு பெருகியதால் ஏரிக்கரைகளும் நீர்வழிகளும் சுருங்கின. 2015ஆம் ஆண்டு வெள்ளத்தில் நம் மாவட்டம் அதன் விலையைக் கண்ணீரோடு கொடுத்தது. எண்ணிக்கை மட்டுப்படுவது நன்றே. அஃது எவ்வாறு மட்டுப்படும் என்பதே வினா.

அச்சுறுத்தலால் அன்று, கல்வியால் என்பதே வரலாறு தரும் விடை. பெண்கள் கற்று, பிறந்த குழந்தை பிழைக்கும் என்னும் நம்பிக்கை ஏற்பட்ட இடமெல்லாம் குடும்பம் அளவிற் சிறுத்துள்ளது. 2019-21ஆம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.8, ஈடுசெய் அளவாகிய 2.1க்கும் இது குறைவு. நம் சமுதாயத்தின்மீது இவ்விடயத்தில் பழி சுமத்தும் பேச்சும் அவ்வப்போது எழுவதுண்டு. அதற்குச் சினம் விடையன்று, புள்ளிவிவரமே விடை. அதே ஆய்வுத் தொடரில் இந்திய முஸ்லிம் பெண்களின் சராசரி 1992-93இல் 4.4ஆக இருந்தது, 2019-21இல் 2.4ஆகக் குறைந்தது. சமயந்தோறும் ஏனைய பிரிவினர் சென்ற அதே வழியிலேயே இவர்களும் செல்கின்றனர்; முன்பின் வேறுபாடு கல்வியாலும் வறுமையாலும் அமைந்தது. வங்கதேசமும் ஈரானும் காட்டுவதும் இதுவே. எனவே ஒரு பெண்ணுக்குக் கல்லூரி வாயிலைத் திறப்பவர், மேடையேறி மக்கள்தொகையைப் பழிப்பவரினும் மிகுதியாக நாட்டுக்கு உதவுகிறார்.

தமிழகத்தில் பிறப்பு விகிதம் தாழ்ந்து ஆண்டுகள் பலவாயின. ஊர்திகளும் குளிரூட்டிகளும் நெகிழிக் குவியலும் தாழ்ந்தனவா? ஏறியே நிற்கின்றன. இனி நம் நிலத்தின் சுமையை ஏற்றப்போவது தொட்டில் அன்று, கடைவீதியே.

முடிவுரை

மேற்கண்டவற்றால் நாம் பெறும் முடிபுகள் வருமாறு:

1. ஒரு நிலத்தின் சுமையை அதன்மேல் வாழும் தலைகளை எண்ணி அறிய இயலாது. எத்தனை பேர், எவ்வளவு, எவ்வாறு, எவர் பொருட்டு என்னும் நான்கு வினாக்களும் வேண்டும்.

2. எண்ணிக்கையைக் கல்வி மட்டுப்படுத்தும். ஆனால் அதன் பயன் மெல்லவே வரும்; முறையைத் திருத்துவதன் பயன் விரைந்து வரும். பிச்சாவரம் இதற்குச் சான்று.

3. பொருளாதார வளர்ச்சி தானே மாசைத் துடைக்காது. விழிப்புற்ற மக்களும் நேர்மையான சட்டமுமே துடைக்கும். 2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிய சட்டத்தில் நம் மாவட்டத்தின் டெல்டா ஒன்றியங்கள் இடம்பெற்றமை அத்தகைய ஒரு முயற்சி.

4. பிறர்க்காகச் சுமை தாங்கும் நிலத்துக்குப் பயன்பெறுவோர் கடன்பட்டவராவர். அக்கடனைத் திருப்பித் தருதல் நீதியாகும்.

மனிதன் இப்புவிக்கு உரிமையாளன் அல்லன். இறைவனால் அமானிதமாக ஒப்படைக்கப்பட்டதைக் காக்கும் பொறுப்பாளன் என்பது இஸ்லாம் கற்பிக்கும் நெறி. ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து உளூச் செய்பவரும் தேவைக்கு மிஞ்சி நீரைச் செலவிடலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. இதன் நுட்பத்தை நாம் ஊன்றி நோக்க வேண்டும். ஓடும் ஆற்றில் நீருக்குப் பஞ்சமில்லை; எடுப்பவரும் ஒருவரே. எண்ணிக்கையும் இல்லை, பற்றாக்குறையும் இல்லை. ஆயினும் விரயம் விரயமே என்றனர் நபிகளார். மால்தஸ் எண்ணத் தவறிய கணக்கு இதுவே.

மாணவச் செல்வங்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் எளியது. அடுத்த முறை உங்கள் ஊர்க் குளத்தைக் கடக்கும்போது, அதன் நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே செல்கிறது, அதில் கலப்பது எது, அதனால் பயனடைபவர் எவர் என்று கேட்டு எழுதி வையுங்கள். சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. நம் வீட்டு வலீமாப் பந்தியில் அழைப்போர் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியதில்லை. இலையில் எஞ்சுவதைக் குறைத்தால் போதும். எல்லார்க்கும் இலையிட்ட வடலூரின் மண்ணும், எதையும் வீணாக்காத நபிவழியும் ஒன்றுகூடும் இடத்தில் நம் மாவட்டத்தின் நாளை அமையட்டும். அதற்கு எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக!